கேஸ் ஷீட்டில் "ஃப்ரிஜிட்" என்று எழுதும் முன் ஒரு நிமிடம்

மறுபடியும் ஒரு கடிதம். வேறொரு மருத்துவர் என்னிடம் அனுப்பிவைத்த பெண், கையில் பரிந்துரைச் சீட்டு. வயது, திருமணமாகி எத்தனை ஆண்டு, குழந்தைகள் எத்தனை என்ற விவரங்களுக்குக் கீழே ஒரே வரி: "ஃப்ரிஜிட். மனநல ஆலோசனைக்கு அனுப்பப்படுகிறார்." பாலுறவில் "குளிர்ந்துபோன" பெண் என்று முத்திரை குத்தும் பழைய ஆங்கிலச் சொல் அது. உறவின்போது வலி இருக்கிறதா என்று கேட்டதற்கான தடயம் இல்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற குறிப்பு இல்லை. ஆரம்பத்திலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா என்பதும் இல்லை. புகார் யாருடையது என்பதுகூட இல்லை. விசாரித்தால், புகார் கணவருடையது.

அந்தப் பெண் மனச்சோர்வுக்காக மாதக்கணக்கில் பேராக்ஸெட்டின் சாப்பிட்டு வருகிறார். பாலியல் விருப்பத்தைக் குறைப்பதிலும் உச்சத்தைத் தள்ளிப்போடுவதிலும் அந்த வகை மாத்திரைகளில் முன்வரிசையில் நிற்பது அது. மருந்தியல் படித்த எந்த மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால் சீட்டில் அந்த ஒற்றைச் சொல் விழுந்த பிறகு மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயர் வைத்தாயிற்று, தேடல் முடிந்தது. (இந்தக் கட்டுரையில் வரும் பெண்கள் யாரும் தனி ஒருவர் அல்லர். அடையாளம் தெரியாதபடி பலரது விவரங்களைக் கலந்தே எழுதுகிறேன்.)

இந்தப் பேச்சை எடுத்தாலே சக மருத்துவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். "பேரை மாத்தினா வியாதி மாறிடுமா டாக்டர்? இப்பல்லாம் எதைச் சொன்னாலும் மனசு புண்படுதுங்கறாங்க." எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இந்தப் பதில்தான். பழைய சொற்களை மருத்துவம் கைவிட்டது யாருடைய மனமும் புண்படக் கூடாது என்பதற்காக மட்டும் என்ற நினைப்பு படித்தவர்களிடமே வேரூன்றிக் கிடக்கிறது. அது உண்மையல்ல. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், யாரை நோயாளி என்று சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது என்ற எல்லைக்கோடும் கூடவே நகர்ந்திருக்கிறது. பழைய பெயரை எழுதுகிறவர் பழைய எல்லைக்கோட்டையும் சேர்த்தே எழுதுகிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். விளைவு அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஃப்ரிஜிடிட்டி" என்றால் என்ன? கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். விருப்பமே எழாத பெண் என்பார் ஒருவர். விருப்பம் உண்டு, உடல் கிளர்ச்சி அடைவதில்லை என்பார் இன்னொருவர். உச்சம் அடையாதவர் என்பார் மூன்றாமவர். வலிக்குப் பயந்து ஒதுங்குபவரையும் இதே கூடையில் போடுகிறார்கள். எல்லாம் சரியாக இருந்து, இந்த ஒரு கணவரிடம் மட்டும் நெருங்க விரும்பாதவரையும் போடுகிறார்கள். ஐந்தும் வெவ்வேறு பிரச்சினைகள், வெவ்வேறு காரணங்கள், வெவ்வேறு சிகிச்சைகள். கடைசியாகச் சொன்னது நோயே இல்லை. வயிற்றுவலியோடு வந்தவரின் சீட்டில் "முனகுகிறார்" என்று மட்டும் எழுதி அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? நம்மிடம் வரும் சீட்டும் அதே கதைதான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் மிகத் திட்டவட்டமான பொருளும் இருந்தது. அது இன்னும் மோசம். 1905-இல் உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஃப்ராய்டு ஒரு கருத்தை முன்வைத்தார். சிறுமிப் பருவத்தில் பாலுணர்வின் மையம் கிளிட்டோரிஸ் (யோனி வாய்க்கு மேலே உள்ள உணர்வுமிக்க உறுப்பு), முதிர்ந்த பெண்ணிடம் அது யோனிக்கு இடம்பெயர வேண்டும் என்பது அந்தக் கருத்து. இதற்கு உடற்கூறு ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. அவர் வழிவந்த ஹிட்ஷ்மன், பெர்க்லர் என்ற இருவர் 1930களில் இதை இன்னும் இறுக்கி, யோனி வழியாக உச்சம் அடையாத பெண் ஃப்ரிஜிட் என்றே வரையறுத்துவிட்டார்கள். ஊடுருவல் மட்டுமே போதாது, கிளிட்டோரிஸ் தூண்டலும் தேவை என்பது ஏராளமான பெண்களின் இயல்பு. அந்த வரையறைப்படி அவர்கள் அத்தனை பேரும் நோயாளிகள்! இன்றைக்கும் "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட உறவுல உச்சம் வரலை, நான் நார்மலா?" என்று கேட்டு வரும் பெண்ணின் பயத்துக்குப் பின்னால் இந்தப் பழைய வரையறையின் நிழல் இருக்கிறது. நீங்கள் நார்மல்தான் அம்மா. வரையறைதான் கோளாறு.

அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் ஆய்வகத்தில் அளந்து, 1966-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டல் எங்கே நடந்தாலும் உச்சத்தின்போது உடலில் நிகழ்வது ஒன்றே என்று காட்டினார்கள். கிளிட்டோரிஸின் உண்மையான அளவையும் உள்ளே அது பரவியிருக்கும் விதத்தையும் ஆஸ்திரேலிய சிறுநீரக அறுவை நிபுணர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் விரிவாக எழுதினார். அதுவரை பல பாடநூல்களில் அது ஒரு சிறு புள்ளியாகத்தான் இருந்தது. உறுப்பையே சரியாக வரையாத காலத்தில் உருவான சொல்லை, ஸ்கேன் காலத்தில் நாம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எல்லைக்கோடு நகர்ந்தது எப்படி? உலக சுகாதார நிறுவனத்தின் ஒன்பதாவது நோய்ப் பட்டியலில் "ஃப்ரிஜிடிட்டியும் ஆண்மைக்குறைவும்" என்று ஒரே தலைப்பு இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம். 1980-இல் விருப்பம், கிளர்ச்சி, உச்சம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. 1994 பதிப்பு ஒரு நிபந்தனை வைத்தது: இதனால் குறிப்பிடத்தக்க மன வேதனையோ, உறவில் சிக்கலோ இருக்க வேண்டும். கவனியுங்கள், "உறவில் சிக்கலோ". அதாவது மனைவிக்கு எந்த வேதனையும் இல்லாமல், கணவர் சண்டை போட்டாலே மனைவிக்கு நோய் என்று எழுத இடமிருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. வேதனை அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். துணையின் வன்முறை, கடுமையான உறவுச் சிக்கல், மருந்து, வேறு உடல்நோய் ஆகியவற்றால் விளக்க முடிவதாக இருக்கக் கூடாது. துணையைவிட விருப்பம் குறைவு என்பது மட்டும் போதாது. வாழ்நாள் முழுக்கவே தனக்குப் பாலியல் ஈர்ப்பு இல்லை, அதில் தனக்கு வருத்தமும் இல்லை என்று சொல்பவருக்கு இந்த நோயறிதல் பொருந்தாது.

அடிக்கிற கணவனோடு படுக்க விரும்பாத பெண், பழைய சொல்லின்படி ஃப்ரிஜிட். இன்றைய வரையறையின்படி அவருக்குப் பாலியல் நோய் எதுவும் இல்லை. அவருக்குத் தேவை வேறு உதவி. பேரை மாற்றினால் வியாதி மாறுமா என்று கேட்டீர்களே, இதோ மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. விருப்பம் என்றால் பசிபோலத் தானாக எழ வேண்டும், எழவில்லையென்றால் குறை என்று நினைக்கிறார்கள். 2000-ஆவது ஆண்டில் கனடாவைச் சேர்ந்த பாலியல் மருத்துவ நிபுணர் ரோஸ்மேரி பேசன் இதற்கு மாற்றாக ஒரு மாதிரியை முன்வைத்தார். நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு நெருக்கமும் தொடுகையும் முதலில் வருகின்றன, விருப்பம் அவற்றுக்கு எதிர்வினையாகப் பிறகு எழுகிறது. ஆண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. "தானா தோணவே மாட்டேங்குது, ஆனா ஆரம்பிச்சா நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால், அவருக்கு நோய் எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்லி அனுப்பலாம். ஆனால் இதையே திருப்பிப் போட்டு, "ஆரம்பிச்சா சரியாயிடும்" என்று விருப்பமில்லாதவரை வற்புறுத்த ஆயுதமாக்கும் கணவர்களையும் பார்த்துவிட்டேன். பேசன் சொன்னது அதுவல்ல. தொடங்குவதற்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

எதிர்ப்பக்கம் "நிம்ஃபோமேனியா", பாலுந்துதல் "அளவுமீறி" இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களுக்கு வைத்த பெயர். 1771-இல் பியென்வில் என்ற மருத்துவர் பிரெஞ்சில் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆண்களுக்கு இணையாக "சடைரியாசிஸ்" என்று ஒரு சொல் உண்டு. அதை எந்தக் கேஸ் ஷீட்டிலாவது பார்த்தவர்கள் கை தூக்கலாம். நான் பார்த்ததில்லை. நம் மொழியில் இதைக் "காமவெறி" என்று பெயர்த்து, தமிழ் யூடியூப் தலைப்புகளில் விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். தலைப்பு வைப்பவர்களை விடுங்கள், மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான் என் கவலை. ஏனென்றால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை பல நேரங்களில் அவசரமாகக் கவனிக்க வேண்டியவை.

சில நாட்களாகத் தூக்கம் தேவைப்படாமல், ஓயாமல் பேசி, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்து, கூடவே பாலியல் ரீதியாகத் தன் இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளும் பெண்ணுக்கு இருமுனைக் கோளாறின் மேனியா கட்டம் இருக்கலாம். குடும்பம் "நடத்தை கெட்டுப்போச்சு" என்று கதவைப் பூட்டுகிறது. மருத்துவரும் தலையாட்டினால் முடிந்தது. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். நடுவயதில் முதல்முறையாகக் கூச்சம் விலகி, குணம் மாறினால் முன்மூளைத் தேய்வு நோயை நினைக்க வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால் குடைச்சலுக்கும் கொடுக்கப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் கட்டுப்படுத்த முடியாத பாலியல் உந்துதலை, சூதாட்ட உந்துதலைத் தூண்டக்கூடும். மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அது அடங்கிவிடும். மனநோய்க்குக் கொடுக்கும் அரிப்பிப்ரசோல் பற்றியும் இதே எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் வெளியிட்டது. பாட்டி வயதுப் பெண் ஒருவர் இப்படி ஒரு மாத்திரையின் விளைவை யாரிடமும் சொல்ல முடியாமல், தன்னைத்தானே பாவி என்று வெறுத்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு நிலை இருக்கிறது. விருப்பமே இல்லாமல், பிறப்புறுப்பில் மட்டும் கிளர்ச்சி உணர்வு மணிக்கணக்கில், சிலருக்கு நாட்கணக்கில் நீடிப்பது. இன்பம் துளியும் இல்லை, வேதனைதான். 2001-இல்தான் இது மருத்துவ இலக்கியத்தில் தனியாகப் பெயர் பெற்றது. நரம்பு அழுத்தமோ, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் நீர்க்கட்டியோ, திடீரென்று நிறுத்திய மனச்சோர்வு மாத்திரையோ சிலரிடம் காரணமாக இருக்கிறது. இப்படி வரும் பெண்ணிடம் உள்ளூரச் சிரித்துக்கொண்டே "நிம்ஃபோ" என்று குறித்து அனுப்பும் மருத்துவரை என்னவென்று சொல்வது.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது பட்டியல் வரை நிம்ஃபோமேனியா என்ற சொல் "மிகையான பாலுந்துதல்" என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. ஃப்ரிஜிடிட்டியும் அப்படியே, எஃப் 52.0 குறியீட்டின் அடியில். பல மருத்துவமனைக் கணினிகள் இன்னும் பத்தாவது பட்டியலில்தான் ஓடுவதால், குறியீடு தட்டச்சு செய்யும்போது அந்தச் சொற்கள் எட்டிப் பார்க்கின்றன. கணினி காட்டுகிறது என்பதற்காக அப்படியே எடுத்து எழுத வேண்டியதில்லை, தம்பி தங்கைகளே. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில் இரண்டு சொற்களுக்கும் நோயறிதல் என்ற இடம் இல்லை. மிகையான உந்துதல் போய், "கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தை" என்ற நோயறிதல் வந்திருக்கிறது. அதிலும் தெளிவான விலக்கு உண்டு: ஒருவரது வேதனை முழுக்க முழுக்க ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்விலிருந்தோ, பிறரது கண்டனத்திலிருந்தோ வருகிறது என்றால் இந்த நோயறிதலைச் செய்யக் கூடாது. இன்னொன்று, பாலியல் செயல்பாட்டுக் குறைபாடுகளை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்து, பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள். உடலும் மனமும் சேர்ந்த விஷயத்தை எடுத்ததும் என்னிடம் தள்ளிவிடாமல் உடலையும் கொஞ்சம் பரிசோதியுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

காரணம் பிடிபடாத பெண்களின் தொல்லைகளுக்கெல்லாம் மாட்டிய பழைய பெயரான ஹிஸ்டீரியா பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோரும் எழுதியாயிற்று. 1980-லேயே டி.எஸ்.எம். அதைக் கைவிட்டது. ஆனால் அவசரப் பிரிவில் இன்றும் "எச்.சி.ஆர். கேஸ் வந்திருக்கு" என்ற குரல் கேட்கிறது (ஹிஸ்டீரிக்கல் கன்வர்ஷன் ரியாக்‌ஷன் என்பதன் சுருக்கம்). வலிப்பா, மயக்கமா என்று பார்ப்பதற்கு முன்பே அந்த மூன்றெழுத்து விழுந்துவிடுகிறது, நோயாளி இளம்பெண்ணாக இருந்தால் இன்னும் வேகமாக. ஒரு காலத்தில் இந்தப் பெயர் கத்தியையே எடுக்க வைத்தது. லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் ஹிஸ்டீரியாவுக்கும் வலிப்புக்கும் சிகிச்சை என்று பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டி எடுத்தார். 1867-இல் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. (விக்டோரியா காலத்து மருத்துவர்கள் ஹிஸ்டீரியாவுக்கு வைப்ரேட்டர் வைத்தியம் செய்தார்கள் என்று இணையத்தில் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை. 2018-இல் வரலாற்றாய்வாளர்கள் மூலங்களைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. பெண்களுக்கு நிஜமாக நடந்த கொடுமைகளே போதுமான அளவு இருக்கின்றன, வேடிக்கைக் கதை வேண்டாம்.)

"நோயாளி ஒத்துழைக்கவில்லை." இதுவும் கெட்ட சொல் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் இதற்கு ஒரு பத்தி. யோனிப் பரிசோதனைக்கு விரலை வைத்ததும் தொடை இறுகி, இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே சுருங்கி, அந்தப் பெண் மேசையில் பின்னால் நகர்கிறார். உடனே "பி.வி. (யோனி வழிப் பரிசோதனை) செய்ய முடியவில்லை, ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுகிறோம். கண்ணெதிரே நடந்ததே நோயறிதல்! வஜைனிஸ்மஸ் என்று தனியாகவும், வலியோடு சேர்த்து "ஊடுருவல் வலிக் கோளாறு" என்றும் அழைக்கப்படும் இது மருத்துவத்தில் நல்ல பலன் தரும் சிகிச்சைகளுள் ஒன்றைக் கொண்டது. இடுப்புத் தளப் பிசியோதெரபி, யோனியை மெல்லப் பழக்கும், படிப்படியாக அளவு கூடும் டைலேட்டர் குழல்களைக் கொண்டு பயிற்சி, பயத்தைக் கையாளும் உளவியல் சிகிச்சை என்று வழிகள் உண்டு. அந்தச் சுருக்கம் அவர் வேண்டுமென்று செய்வதல்ல, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதை யாரும் ஒத்துழையாமை என்று சொல்வதில்லை. இதைக் கணவரிடமும் சொல்லுங்கள். "கொஞ்சம் ரிலாக்ஸா இரும்மா", "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், பொறுத்துப் பொறுத்து, தசைச் சுருக்கம் முற்றிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். வலிக்கு மரத்துப்போகும் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், வெண்படைபோலத் தோன்றும் லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல்நோய், தொற்று என்று வலிக்கு எத்தனையோ காரணங்கள். களிம்பு எதையும் கண்டுபிடிக்காது.

அப்புறம் கன்னித்திரை. சட்ட மருத்துவ அறிக்கைகளில் "கன்னித்திரை கிழிந்துள்ளது", "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்று எழுதிவந்த வழக்கத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது. யோனிக்குள் இரு விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் அதை விலக்கியது. போதவில்லை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி, இந்தப் பரிசோதனையைச் செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என்று சொல்ல வேண்டிவந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கன்னித்தன்மைப் பரிசோதனையை ஒழிக்கச் சொன்னபோது அடிப்படை அறிவியலையும் சொன்னார்கள்: ஒரு பெண் உடலுறவு கொண்டாரா என்பதைக் காட்டும் பரிசோதனை எதுவும் கிடையாது. கன்னித்திரையின் வடிவம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். உறவுக்குப் பிறகும் மாற்றமே தெரியாமல் இருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும், 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் கன்னித்திரையின் சட்ட முக்கியத்துவமும், பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்புவதை "இயற்கைக்கு மாறான பாலியல் குற்றம்" என்ற வரிசையில் வைக்கும் பகுதியும் திரும்ப வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அந்தப் பாடத்திட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஓர்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் 1990-இல். மாணவர்களே, கையில் இருக்கும் பழைய பதிப்பு நோட்ஸை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நல்ல மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் வரும் வறட்சி, எரிச்சல், உறவு வலி எல்லாவற்றுக்கும் "யோனி தேய்வு" என்றே பல காலம் எழுதினோம். 2014-இல் இரண்டு நிபுணர் சங்கங்கள் கூடி, மாதவிடாய் நிற்றல் சார்ந்த சிறுநீர்ப் பிறப்புறுப்புத் தொகுப்பு என்று பெயரை மாற்றின. பழைய பெயரில் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கு இடமே இல்லை. புதிய பெயர் வந்த பிறகு, மீண்டும் மீண்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் பலருக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்புதான் தேவையோ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண் வறட்சி என்று சொன்னால் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லாதீர்கள். எதுக்கு என்பது அவர் கவலை. மருந்து என்ன என்பது நம் கவலை.

எழுதும்போது என்ன எழுதலாம்? நடந்ததை எழுதுங்கள், போதும். "ஆறு மாதமாக விருப்பம் குறைவு. முன்பு இந்தக் குறை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது, தாய்ப்பால் கொடுக்கிறார். ஊடுருவலின்போது எரிச்சல். அவருக்கே வருத்தம் உண்டு." ஐந்து வாக்கியங்கள். இதைப் படிக்கும் அடுத்த மருத்துவருக்குப் பாதி வழி முடிந்துவிடும், ஏனெனில் பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவு, வறட்சி எதிர்பார்க்கக்கூடியது. தைராய்டு, பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், சர்க்கரை, ரத்தசோகை, மனச்சோர்வு, கருத்தடை மாத்திரை, வீட்டில் அடி உதை. இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. "எல்லாரையும் தனியாத்தான் பார்ப்போம், இங்க வழக்கம் அப்படி" என்று சொன்னால் பெரும்பாலானோர் எழுந்து போய்விடுவார்கள்.

கணவர்களே, உங்களுக்கும். மனைவியிடம் நான் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "இவ மரக்கட்டை மாதிரி டாக்டர்" என்று என் அறையில் அமர்ந்து சொல்லாதீர்கள், அவர் அருகில்தான் இருக்கிறார். ஆன்லைனில் "பெண்களுக்கான வயாகரா" என்று விற்கும் சொட்டு மருந்தை வாங்கி பாலில் கலக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியாமல் கொடுப்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் அன்பாகக் கருதப்படாது.

பெண்களுக்கு, கொஞ்சம் கெஞ்சலாகவே. மனச்சோர்வு மாத்திரையால்தான் இது என்று தெரிந்ததும் அதைத் தடாலென்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும், மனச்சோர்வும் திரும்பும். அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. கொடுத்த மருத்துவரிடம் "இதுல இந்தப் பக்கவிளைவு இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் சீட்டில் ஏதாவது புரியாத சொல் இருந்தால் "இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர், எதனால வந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். வரும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். தலைவலிக்கு, அல்சருக்கு, பிரஷருக்கு என்று வாங்கியவற்றையும், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து.